மூளை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வார்டில்: கேள்வி பதில்

சிங்கப்பூரில் நரம்பியல் அறுவைப் பிரிவில் 20 ஆண்டுகளுக்கு மேல் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வார்டில் நடப்பது, வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது, குடும்பம் மனம் நொந்துபோகும் இடங்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். கேட்பவர் பெயருக்குப் பதில் அவர் இருக்கும் பேட்டையின் பெயரை மட்டும் போடுகிறேன். ஸ்கேன் படத்தை மட்டும் அனுப்ப வேண்டாம். அதைப் படித்துச் சொல்வது உங்கள் டாக்டரின் வேலை.

செங்காங்: அப்பாவுக்குக் கட்டியை எடுத்து மூன்று நாள் ஆகிறது. ராத்திரி முழுக்க எழுப்பி எழுப்பிப் பெயர் கேட்கிறார்கள், கண்ணில் டார்ச் அடிக்கிறார்கள். "தூங்கவே விடமாட்டேங்கிறாங்க" என்று அழுகிறார். புகார் கொடுக்கலாமா அக்கா?

என் காலத்தில் அதிகம் கேட்ட புகார் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மண்டை ஓடு மூடிய பெட்டி. உள்ளே கசிவோ வீக்கமோ வந்தால் இரத்தத்துக்கு வெளியேற வழி கிடையாது, அது மூளையைத்தான் அழுத்தும். அதன் முதல் அறிகுறி பல நேரங்களில் வலியாக இருக்காது. ஆள் சற்று மந்தமாகிவிடுவார், அவ்வளவுதான். தூங்குகிறாரா மயங்குகிறாரா என்பதை எழுப்பிப் பார்த்தால்தான் தெரியும். கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது மூன்றுக்கும் மதிப்பெண் போடுவோம். 1974இல் கிளாஸ்கோவில் உருவான அளவுகோல் அது. குறைந்தது 3, முழு மதிப்பெண் 15. ராத்திரி இரண்டு மணிக்கு 15 இருந்தவருக்கு மூன்று மணிக்கு 13 என்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுவோம். நேரே ஸ்கேனுக்குப் போனவர்களும் உண்டு.

அப்பா நிலையாக இருந்தால் பார்க்கும் இடைவெளியை நாளுக்கு நாள் கூட்டுவார்கள். இன்று இரவு இடைவெளியைக் கூட்ட முடியுமா என்று வார்டு டாக்டரிடம் கேளுங்கள். அது நியாயமான கேள்வி. புகார் கொடுப்பதானால், இப்படி எழுப்புவோம் என்று அறுவைக்கு முன்பே அப்பாவிடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேளுங்கள். முன்கூட்டியே தெரிந்தவர்கள் முனகிக்கொண்டே கண் திறப்பார்கள். தெரியாதவர்களுக்கு அது கொடுமையாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பாட்டியிடம் "இது எந்த இடம்? என்ன மாதம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, குழப்பம் என்று குறித்திருந்தார்கள். நான் போய்த் தமிழில் கேட்டேன். "ஆஸ்பத்திரி. ஐப்பசி பொறந்து நாலு நாள் ஆச்சு" என்றார். அவ்வளவு தெளிவு! உங்கள் வீட்டுப் பெரியவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால், முதல் நாளே தாதியிடம் சொல்லிவிடுங்கள். வழக்கமான கேள்விகளைத் தமிழ் உச்சரிப்போடு ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதி, படுக்கை அருகே ஒட்டச் சொல்லுங்கள். பதிலையும் எழுதுங்கள்.

ஜூரோங் வெஸ்ட்: அம்மா இப்படிப்பட்டவரே இல்லை. அறுவைக்குப் பிறகு தாதிகளைத் திட்டுகிறார், சாப்பாட்டைத் தள்ளுகிறார், அப்புறம் நடுராத்திரி பசிக்கிறது என்கிறார்.

மருந்துச் சீட்டைப் பாருங்கள். மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும், பசியைக் கிளப்பும், சர்க்கரையை ஏற்றும், எரிச்சலும் தரும். வலிப்பு வராமல் இருக்கத் தரும் கெப்ராவும் சிலரைச் சிடுசிடுப்பாக்கும். அறுவை நடந்த இடமும் காரணமாக இருக்கலாம். மூன்றையும் டாக்டரிடம் கேளுங்கள். அம்மா திட்டியதற்காக அங்குள்ள தாதிகள் மனம் கோணமாட்டார்கள். எங்களுக்கு இது பழக்கம்.

ஆனால் ஒன்று: இந்த இரண்டு மருந்தையும் நீங்களாக நிறுத்தவே கூடாது. டெக்ஸாமெத்தசோனைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் உடல் தளர்ந்து இரத்த அழுத்தம் இறங்கலாம், வீக்கமும் திரும்பலாம். கெப்ராவைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

பொங்கோல்: கணவருக்கு ஒரு பக்கக் கண் வீங்கி மூடியே போய்விட்டது. வாயும் திறக்க முடியவில்லை.

இரண்டாம் மூன்றாம் நாளில் முக வீக்கம் உச்சத்துக்கு வரும், பிறகு வடியும். நெற்றிப்பொட்டுப் பக்கம் திறந்திருந்தால் மெல்லும் தசையையும் விலக்கியிருப்பார்கள், அதனால்தான் வாய் வலி. கஞ்சி, இட்லி போதும். மூக்கிலிருந்தோ தையலிலிருந்தோ தண்ணீர் மாதிரி ஒழுகினால் மட்டும் உடனே சொல்லுங்கள். தையல்மேல் மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

தோ பாயோ: எப்போது கார் ஓட்டலாம்?

டாக்டர் எழுத்தில் அனுமதி தந்த பிறகு.

காக்கி புக்கிட்: நான் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். அறைத் தோழனுக்குத் தலையில் இரத்தக்கட்டு, அவசர அறுவை செய்தார்கள். பில் யார் கட்டுவது என்று பயந்து, சாப்பிடாமல் கிடக்கிறான்.

தம்பி, முதலில் அவரிடம் இதைச் சொல்லுங்கள்: ஒர்க் பெர்மிட் ஊழியரின் மருத்துவச் செலவு முதலாளி பொறுப்பு. 2023 ஜூலையிலிருந்து முதலாளி எடுக்க வேண்டிய காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. முன்பு அது 15,000ஆக இருந்தது. வேலையிடத்தில் அடிபட்டிருந்தால் வேலைக் காய இழப்பீடு தனியாக உண்டு, அதை மனிதவள அமைச்சிடம் தெரியப்படுத்தியாக வேண்டும். வார்டின் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் கேளுங்கள். அதற்குத் தயங்காதீர்கள். தலையில் காயத்தோடு கடன் கவலையும் சேர்ந்தால் மனிதன் தேறமாட்டான்.

பிடோக்: போகும்போது கொடுக்கிற திருப்திப் படிவம் எல்லாம் வீண். சிரித்துப் பேசும் தாதிக்கு மார்க் விழும். மூளையைத் திறக்கிற டாக்டருக்குக் கைத்திறமை இருந்தால் போதாதா?

உட்லண்ட்ஸ்: பிடோக் அண்ணனுக்கு: என் கணவருக்கு அறுவை நன்றாகத்தான் நடந்தது. ஆனால் எட்டு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன், ஒருவர்கூட வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எப்படித் திருப்தி என்று எழுதுவேன்?

இருவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. அண்ணன் பக்கம் முதலில். 2012இல் அமெரிக்காவில் 50,000க்கும் மேற்பட்டோரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அதிகத் திருப்தி சொன்னவர்கள் அவசரப் பிரிவுக்குக் குறைவாகப் போனார்கள். ஆனால் மருத்துவமனையில் தங்குவதும் செலவும் அவர்களுக்குத்தான் அதிகம், இறப்பும் அதிகம். திருப்தியால் இறந்தார்கள் என்று அர்த்தமில்லை. அது மூளை அறுவை பற்றிய ஆய்வும் இல்லை. மதிப்பெண்ணையே தரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அது போதும்.

ஆனால் நல்ல படிவம் "சந்தோஷமா?" என்று கேட்காது. அமெரிக்க மருத்துவமனைகளின் பொதுப் படிவத்தில், டாக்டர்கள் உங்களுக்குப் புரியும்படி எத்தனை முறை விளக்கினார்கள் என்று கேட்கிறார்கள். ஒருபோதும் இல்லை, சில சமயம், பெரும்பாலும், எப்போதும் என்று நான்கு பதில்கள். இதற்குச் சிரித்த முகம் மட்டும் போதாது.

எங்கள் பிரிவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேச்சு போனவர் படிவத்தை எப்படி நிரப்புவார்? மகன் நிரப்புவார். மகனுக்குப் பார்க்கிங்கும் பில்லும் நினைவிருக்கும். ராத்திரி கையைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்று அப்பாவுக்குத்தான் தெரியும்.

ஓர் அம்மாவுக்கு நெற்றிக்குப் பின்னால் இருந்த கட்டியை முழுவதும் எடுத்தார்கள். டாக்டர்களுக்கு அது வெற்றி. மறுபடி பார்க்க வந்தபோது அந்த அம்மா, "ரசம் தாளிச்சா மணமே வரலைம்மா, அடுப்பு எரியுதான்னுகூடத் தெரியலை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மணம் போகலாம் என்பது சம்மதப் படிவத்தில் இருந்தது. ஆங்கிலத்தில், வரியோடு வரியாக. தமிழில் யாரும் சொல்லவில்லை. அந்த வார்டில் நானும் இருந்தேன், நானும் சொல்லவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்தல்.

பிடோக்: அப்படியென்றால் டாக்டர் வெட்டவும் வேண்டும், உட்கார்ந்து பேசவும் வேண்டுமா?

வேண்டும் அண்ணே. அவரால் முடியாவிட்டால் குழுவில் ஒருவர் வரட்டும், ஐந்து நிமிடம் போதும். நம் பக்கமும் ஒன்று செய்யலாம்: பேசுவதற்குக் குடும்பத்தில் ஒருவரை மட்டும் நியமியுங்கள். ஆறு பேர் ஆறு நேரம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டால் ஆறு விதமாகத்தான் பதில் கிடைக்கும்.

ஈசூன்: டெக்ஸா மாத்திரையால் அப்பாவுக்கு முகம் ஊதிவிட்டது. நிறுத்திவிடலாமா?

புக்கிட் பாத்தோக்: வலிப்பே வரவில்லை, கெப்ரா இன்னும் எதற்கு?

இருவரும் ஜூரோங் வெஸ்ட் சகோதரிக்கு எழுதியதைப் படியுங்கள். நிறுத்தாதீர்கள். இதே கேள்வி இனியும் வந்தால் பதில் எழுதமாட்டேன், நேரே டாக்டரிடம்தான் அனுப்புவேன்.

அங் மோ கியோ: கட்டணம் குறைவான சி வகுப்பு வார்டு என்றால் கவனிப்பு குறையுமா?

டாக்டரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, அறையில் மின்விசிறிதான், கட்டில்கள் கூடுதல். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வகுப்பு பார்த்துக் கவனிப்பதில்லை. எழுந்து ஓடப் பார்க்கிற குழப்பமான நோயாளிக்கு, நாலு பேர் கண்ணில் படும் அறை தனி அறையைவிடப் பாதுகாப்பு என்பது என் அனுபவம்.

செம்பவாங்: தாத்தாவுக்கு நாளை காலை அறுவை. பையில் என்ன வைக்க வேண்டும்?

மூக்குக்கண்ணாடி, பல்செட், டப்பாவில் பெயர் எழுதி. சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல், நாட்டு மருந்தும் சேர்த்து. காது கேட்கும் கருவி இருந்தால் கண் விழித்ததும் மாட்டச் சொல்லுங்கள். அது இல்லாமல் தாத்தா பதில் சொல்லாவிட்டால் மந்தம் என்று குறித்துவிடுவார்கள். மாற்று பேட்டரியையும் மறக்காமல் வையுங்கள்.