மானா பூல்ஸ் பக்கத்து 'சஃபாரி ஏரியா'வில் தங்கலாமா?

ஆகஸ்டில் ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போவதாகவும், பக்கத்துச் செவோரே சஃபாரி ஏரியாவில் தங்கிப் படம் எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முன்பணம் கட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள். அந்நாட்டின் 1975 வனவிலங்குச் சட்டப்படி சஃபாரி ஏரியா என்பது வேட்டைக்கு அனுமதி உள்ள அரசு நிலம். தேசியப் பூங்கா தனி வகை, அங்கே சுற்றுலா வேட்டை கிடையாது.

சஃபாரி ஏரியாவில் வேட்டை உரிமையை நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடுவார்கள். எந்த விலங்கில் எத்தனை சுடலாம் என்று ஆண்டுதோறும் ஒதுக்கீடு உண்டு. ஆனால் பூங்காவுக்கும் இதற்கும் நடுவே வேலி இல்லை, விலங்குக்கு எல்லை தெரியுமா என்ன? 2015-இல் சிசில் என்ற சிங்கம் ஹ்வாங்கே பூங்காவை விட்டு வெளியே வந்த இடத்தில்தான் சுடப்பட்டது.

நீங்கள் கூடவே கேட்ட 'கேம்ப்ஃபயர்' நிலங்கள் வேறு; அவை வனவிலங்கு வருமானத்தில் ஊர்மக்களுக்குப் பங்கு தரும் திட்டத்தில் உள்ள ஊர்ப்பொது நிலங்கள். அங்கே வட்டார மன்றங்கள் வேட்டை உரிமையை விற்று, ஊர்களுக்குப் பங்கு தர வேண்டும். பங்கு ஒழுங்காகப் போகிறதா என்பதில்தான் தகராறு.

படம்தான் நோக்கம் என்றால் பூங்காவுக்குள்ளேயே, சாம்பேசி ஆற்றங்கரையில் இருக்கும் நியாமெப்பி முகாமில் இடம் கேளுங்கள். வறண்ட மாதங்களில் கூட்டம் அதிகம், சீக்கிரம் கேட்பது நல்லது.