குன்ச்சூ நாடகப் பாட்டு ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

ஒரே அசையைப் பல தாளத் தட்டுகளுக்கு இழுப்பதுதான் காரணம். சீனாவில் சூச்சோவுக்கு அருகே குன்ஷானில் பிறந்த இந்தப் பாணியை 16ஆம் நூற்றாண்டில் வெய் லியாங்ஃபூ என்ற இசைக்கலைஞர் செப்பனிட்டார். அசையைத் தலை, வயிறு, வால் என மூன்றாகப் பிரித்துப் பாடுவார்கள்: தொடக்க ஒலியைத் தொட்டு, உயிரொலியில் நின்று நெளிந்து, கடைசி ஒலியைத் தெளிவாக மூட வேண்டும். வால் தேய்ந்துபோனால் சொல்லே புரியாது. சீனத்தில் தொனி மாறினால் பொருளும் மாறும். எனவே மெட்டு சொல்லின் ஏற்ற இறக்கத்தோடு மோதக் கூடாது.

பக்கவாத்தியத்தில் முதன்மை டீஸ் என்ற மூங்கில் குழல். அதன் ஒரு துளையில் ஒட்டிய மெல்லிய நாணல் சவ்வுதான் அந்த அழகான ரீங்காரத்தைத் தருகிறது. சவ்வை அதிகம் இறுக்கினால் ரீங்காரம் போய்விடும். தளர்ந்தால் ஒலி கரகரக்கும்.

கேட்டுப் பழக, தாங் ஷியான்ட்ஸு 1598இல் எழுதி முடித்த 'பியோனி மண்டபம்' நாடகம் சிறந்தது. மொத்தம் 55 காட்சிகள். தோட்டத்தில் உலாவும் பகுதியை முதலில் கேளுங்கள்.