புது பாய்லர் போட்ட பிறகும் முன்னறை ஏன் குளிர்கிறது?

கேள்வி: லண்டன், ஹாரோ பக்கம் பழைய வீடு. லாஃப்டில் தண்ணீர்த் தொட்டி இருந்த பழைய பாய்லரை எடுத்துவிட்டு, மூன்று வாரம் முன்பு தொட்டி தேவைப்படாத காம்பி பாய்லர் போட்டோம். மாடி ரேடியேட்டர்களில் கை வைக்க முடியவில்லை; கீழே முன்னறையில் வெறும் வெதுவெதுப்பு. பிரஷர் முள்ளை 1.5 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) வைத்தால் நாலு நாளில் 0.5-க்கு இறங்கிவிடுகிறது. பொருத்தியவர் எல்லா ரேடியேட்டரையும் மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள், பாய்லர் மேல் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு.

முதலில் பிரஷர். உங்கள் வீட்டில் எங்கோ ஒரு சின்னக் கசிவு பல வருஷமாகவே இருந்திருக்கலாம். லாஃப்ட் தொட்டியில் மிதவை வால்வு இருந்ததால், சொட்டிய தண்ணீரைத் தொட்டி சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டே வந்திருக்கும்; யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது தொட்டி கிடையாது, மூடிய குழாய்ச் சுற்று. அதோடு, முன்பு கீழ்த்தளத்தில் ஏறக்குறைய அரை பார் அழுத்தம் தாங்கிய பழைய இணைப்புகள் இன்று ஒன்றரை பாரைத் தாங்குகின்றன. காற்றை வெளியேற்றும்போதும் முள் கொஞ்சம் இறங்கும். ஆனால் மூன்று வாரம் கழித்தும் இறங்கினால் அது காற்றில்லை.

ஒவ்வொரு ரேடியேட்டர் வால்வையும் சுற்றி டிஷ்யூ பேப்பரை அழுத்திப் பாருங்கள். ஈரம், செம்பில் பச்சைக் கறை, வெள்ளைப் பொருக்கு ஏதாவது இருந்தால் அதுதான் இடம். அப்புறம் பாய்லருக்கு வெளிச்சுவரில், முனை சுவரைப் பார்த்து வளைந்த செம்புக் குழாய் ஒன்று இருக்கும். அதன் வாயில் இரவு ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டுங்கள். காலையில் தண்ணீர் இருந்தால் பாதுகாப்பு வால்வு ஒழுகுகிறது. ஹீட்டிங் ஓடும்போது முள் 3-ஐ நெருங்கினால், விரிவுக் கலனில் (சூடான தண்ணீர் விரிய இடம் தரும் கலன்) காற்று போயிருக்கும். அது பொருத்தியவர் வேலை. தினமும் தண்ணீர் ஏற்றிச் சமாளிக்காதீர்கள். புதுத் தண்ணீரோடு ஆக்ஸிஜனும் போய் ரேடியேட்டரை உள்ளே துருப்பிடிக்க வைக்கும்.

முன்னறைக்கு உங்கள் கைதான் கருவி. ஹீட்டிங் போட்டு அரை மணி கழித்துத் தொடுங்கள் (குழாய் சுடும், பார்த்து). மேலே மட்டும் சில்லென்றால் காற்று. மேலே சூடு, கீழே நடுவில் சில்லென்றால் கறுப்புச் சேறு, அதாவது பழைய துரு. உள்ளே வரும் குழாயே ஆறிப்போயிருந்தால் தண்ணீர் சரியாக வந்து சேரவில்லை. உங்கள் விஷயத்தில் மாடி கொதிப்பதால் எனக்கு இதன் மேல்தான் சந்தேகம்: தண்ணீர் எளிதான வழியில் ஓடிவிடுகிறது.

அதைச் சரிசெய்யும் முன், முன்னறை ரேடியேட்டரில் வெப்பநிலை எண் போட்ட வால்வின் தலையைக் கழற்றி, உள்ளே உள்ள ஊசியை விரலால் அமுக்கிப் பாருங்கள். துள்ளி எழ வேண்டும். சிக்கியிருந்தால் மெதுவாகத் தட்டுங்கள். குறடால் இழுத்தால் தரைவிரிப்பு நனையும்.

ஊசி சரி என்றால், மறுமுனையில் பிளாஸ்டிக் மூடிக்குள் இருப்பதுதான், தண்ணீர் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் லாக்‌ஷீல்ட் வால்வு. முன்னறையில் அதை முழுக்கத் திறங்கள். மாடியில் ஒவ்வொன்றையும் சிறு ஸ்பானரால் முழுக்க மூடி, எத்தனை சுற்று என்று எழுதி வைத்துக்கொண்டு, அரைச் சுற்று மட்டும் திறங்கள். அரை மணி பொறுத்து, மாடி மந்தமாக இருந்தால் கால் சுற்று கூட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்விடும், ஆனால் பைசா செலவில்லை.

இத்தனைக்குப் பிறகும் முன்னறை சூடேறாமல், கீழ்ப்பகுதி சில்லென்றே இருந்தால் பொருத்தியவரைக் கூப்பிடுங்கள். பாய்லரோடு வந்த புத்தகத்தில், பொருத்தும்போது செய்ததைப் பதியும் பெஞ்ச்மார்க் பக்கத்தை அவர் முன் திறந்து வையுங்கள். பழைய குழாய்களைக் கழுவினாரா, துரு தடுப்பு மருந்து ஊற்றினாரா, காந்த ஃபில்டர் வைத்தாரா என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் காலியாக இருந்தால், ரேடியேட்டர் விலை பேசுவதற்கு முன் அவர் அதைச் செய்து முடிக்கட்டும். பாய்லர் மூடியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். கேஸ் வேலை செய்பவருக்கு கேஸ் சேஃப் (கேஸ் வேலைக்காரர்களின் பதிவேடு) பதிவு இருக்க வேண்டும், அது சட்டம்.