திருவாதிரையை மறைத்த தூசி

கேள்வி: 2020-ல் திருவாதிரை நட்சத்திரம் திடீரென்று மங்கியதும், வெடிக்கப் போகிறது என்று எல்லாரும் எழுதினீர்கள். வெடிக்கவில்லை. அப்புறம் தூசி மறைத்துவிட்டது என்றார்கள். சூரியனைவிட எழுநூறு மடங்கு அகலமான நட்சத்திரத்தைத் தூசி மறைக்குமா? சமாளிப்புதானே இது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: 'எழுதினீர்கள்' என்று எங்களையும் சேர்த்துத்தான் திட்டியிருக்கிறீர்கள். சரி, வாங்கிக்கொள்கிறோம். விஞ்ஞானிகளை விட்டுவிடுங்கள். 'இன்னும் ஒரு லட்சம் வருடத்துக்குள் வெடிக்கும்' என்பதுதான் அவர்கள் வழக்கமாகச் சொல்வது. அந்த ஒரு லட்சத்தைத் தலைப்பில் போட்டால் பத்திரிகையை யார் வாங்குவார்கள்?

ஆனால் தூசிக்கு சாட்சி இருக்கிறது. சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கி 2019 ஜனவரியிலும் டிசம்பரிலும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நட்சத்திரத்தின் தென்பாதி மட்டும் இருண்டு கிடக்கிறது. அதற்குச் சற்று முன்புதான், தெற்குப் பக்கத்திலிருந்து சூடான வாயு கிளம்பிப் போவதை ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி பார்த்திருந்தது. அது ஆறித் தூசியானது. நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே நின்றது. பிப்ரவரியில் ஒளி வழக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஏப்ரல் வாக்கில் பழையபடி ஆனது.

திருவாதிரைக்கு வயது சுமார் ஒரு கோடி வருடம்தான். நம் சூரியனுக்கு 460 கோடி. இருந்தும் கிழம் திருவாதிரைதான். கனமான நட்சத்திரங்கள் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். கிழ நட்சத்திரங்களுக்குத் தூசி கக்குவது அன்றாட வேலை. மீரா என்று ஒன்று இருக்கிறது. பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை ஊதிச் சுருங்குகிறது. ஒவ்வொரு ஊதலிலும் மேற்பரப்பு வாயு கொஞ்சம் மேலே எழும்புகிறது. ஆயிரத்துச் சொச்சம் டிகிரிக்கு ஆறியதும் அதில் மணல் வகைத் துகள்கள் உறைகின்றன. கார்பன் மிகுந்த நட்சத்திரமானால் கரி. நட்சத்திரத்தின் வெளிச்சம் அந்தத் துகள்களைப் பிடித்துத் தள்ளுகிறது. திருவிழாக் கூட்டத்தில் ஒருவரைத் தள்ளினால் நாலு பேர் சேர்ந்து நகர்வார்களே, அப்படி வாயுவும் கூடவே போய்விடுகிறது.

வேகம் ஒன்றும் பிரமாதமில்லை, நொடிக்குப் பத்து, இருபது கிலோமீட்டர். நம் சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்று நானூறு போகிறது. ஆனால் சரக்கு யாரிடம்? சில கிழ ராட்சதர்கள் ஒரு லட்சம் வருடத்தில் ஒரு முழுச் சூரியன் எடையை ஊதித் தள்ளிவிடுகிறார்கள். சூரியன் இன்றைய கணக்கில் அவ்வளவு இழக்கப் பல லட்சம் கோடி வருடம் வேண்டும். மீரா விட்டுச்சென்ற வாலை 2007-ல் புற ஊதாக் கதிரில் கண்டுபிடித்தார்கள். நீளம் 13 ஒளியாண்டு.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? 1969-ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் ஓர் எரிகல் விழுந்தது. அதற்குள் சிலிகான் கார்பைடு (சிலிகானும் கார்பனும் சேர்ந்த பொருள்) துகள்கள் இருந்தன. பெரும்பாலானவை இப்படிப்பட்ட கிழ நட்சத்திரங்கள் ஊதியவை. சிலவற்றுக்கு வயது 700 கோடி வருடம் வரை போகிறது. சூரியனே பிறக்காத காலத்துத் தூசி ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வரும் மார்கழியில் ராத்திரி கிழக்கே பாருங்கள், திருவாதிரை சிவப்பாக நிற்கும். மங்கலாகத் தெரிந்தால், எங்களுக்குக் கடிதம் எழுதுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியை ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.