சேர்ந்து சாப்பிட்டும் தள்ளித்தான் நிக்கினம்

கிளிநொச்சியில் ஊர்ச்சனமும் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களும் சேர்ந்து விருந்து சாப்பிட்டும் ஏன் தள்ளி நிக்கினம் என்று கேட்டியள். விருந்து மட்டும் காணாது. இரண்டு பகுதியும் சேராட்டில் முடியாத வேலையொன்றைக் கொடுங்கோ. வாய்க்கால் துப்புரவு போல.

1954இல் அமெரிக்காவின் ஒக்லகோமாவில் முசாபர் செரிப் என்ற உளவியலாளர் இரண்டு சிறுவர் அணிகளைப் போட்டியில் விட்டார். பகை மூண்டது. ஒன்றாகச் சாப்பிட விட்டால் சாப்பாட்டையே எறிஞ்சாங்கள். தண்ணி வரத்து அடைபட்டு, சேர்ந்து தேடவேண்டி வந்தது. அப்படியான வேலைகளால்தான் பகை மெல்லமெல்லத் தணிந்தது.

முதலில் ஒன்றைப் பாருங்கோ: உங்கட கிளிநொச்சிச் சங்கத்தில் தலைவர், பொருளாளர் ஆர்? மலையகக் குடும்பங்கள் மண்வெட்டி மட்டும் பிடிச்சால் கூலிக்காரர் என்ற எண்ணம்தான் இறுகும். பழகும்போது இரண்டு பகுதிக்கும் சம தகுதி வேணுமென்று உளவியலாளர் கோர்டன் ஓல்போர்ட்டும் அதே 1954இல் எழுதினார்.

மலையகத்தவர் ஒருவரை மட்டும் சேர்த்தால், இவர் மட்டும் நல்லவர் என்று விதிவிலக்காக்கிப்போடுவினம். பல குடும்பங்களைச் சேருங்கோ. காணிப் பிரச்சினை இதால் தீராது; அதுக்குத் தனியாகப் பிரதேச செயலகத்துக்குப் போகவேணும்.