காலிக் கட்டத்தில் என்ன இருக்கிறது?

வணக்கம் சார்,

உயிர்த் தகவலியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எந்த மைக்ரோஆர்என்ஏ எந்த நோயோடு தொடர்புடையது என்று கணிக்கும் மெஷின் லேர்னிங் மாடல்தான் என் புராஜெக்ட். மைக்ரோஆர்என்ஏ-நோய்த் தொடர்புகளைத் தொகுக்கும் எச்எம்டிடி தரவுத்தளத்தின் இரண்டாம் பதிப்பில் ஏயூசி (உண்மைத் தொடர்பை மற்றவற்றிலிருந்து பிரித்தறியும் திறனுக்கான மதிப்பெண், 1 என்றால் முழுமை) 0.94 வந்தது. நுரையீரல் புற்றுநோய்க்கு மாடல் சொன்ன முதல் 50 பெயர்களில் 46 டிபிடிஇஎம்சி என்ற புற்றுநோய்த் தரவுத்தளத்திலும் இருக்கின்றன. வைவாவில் வெளித்தேர்வாளர், “இதில் கண்டுபிடிப்பு எங்கே?” என்று கேட்டுவிட்டார். கோபம்தான் வந்தது. அவர் கேட்டது சரியா?

கே., கோவை

அன்புள்ள கே.,

கோபம் வரும்தான். ஆனாலும் அவர் கேட்டது சரியான கேள்வி.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மைக்ரோஆர்என்ஏ என்பது சுமார் 22 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்என்ஏ. புரதம் செய்வதற்கான தூது ஆர்என்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு அந்த வேலையை அடக்கிவிடும். முதலாவது 1993-இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் அகப்பட்டது. அதற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024-இல் நோபல் கிடைத்தது. 2002-இல் கார்லோ குரோச்சேயின் குழு, ஒருவகை ரத்தப் புற்றுநோயாளிகள் பலரிடம் மிர்-15, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோஆர்என்ஏக்களும் அழிந்தோ குறைந்தோ இருப்பதைக் காட்டியது. நோய்ப் பட்டியல் அதற்கப்புறம் நீண்டுகொண்டே போனது.

உங்கள் அட்டவணைக்கு வருவோம். வரிசைக்கு ஒரு மைக்ரோஆர்என்ஏ, பத்திக்கு ஒரு நோய், தெரிந்த தொடர்பு இருக்கும் கட்டத்தில் ஒரு டிக். இத்துறையில் பலரும் எடுத்துக்கொள்வது 495 மைக்ரோஆர்என்ஏ, 383 நோய். பெருக்கினால் 1,89,585 கட்டங்கள். அதில் டிக் விழுந்தவை 5,430, அதாவது நூற்றுக்கு மூன்று கூட இல்லை. மாடலுக்குப் பாடம் நடத்த ‘தொடர்பு இல்லை’ என்பதற்கும் உதாரணம் வேண்டுமே, அதற்குக் காலிக் கட்டங்களிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டிருப்பீர்கள். எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்தக் கட்டங்களில் பெரும்பாலானவற்றை யாரும் சோதித்துப் பார்த்ததே இல்லை.

டிக் விழுந்த இடங்களும் சமமாகப் பரவியிருக்காது. மிர்-21 வரிசையைப் பாருங்கள், டிக் மேல் டிக். ஆய்வாளர்கள் அங்கே தேடினார்கள், அதனால் கிடைத்தது. எங்கள் ஊரில் எந்தக் கல்யாணப் பத்திரிகையை எடுத்தாலும் ‘முன்னிலை’ என்று எம்.எல்.ஏ. பெயர் இருக்கும். அடுத்த பத்திரிகையில் யார் பெயர் வரும் என்று ஊகிக்க மாடல் எதற்கு?

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். மாடலை மூடிவையுங்கள். பயிற்சித் தரவில் மட்டும் ஒவ்வொரு மைக்ரோஆர்என்ஏவுக்கும் எத்தனை டிக், ஒவ்வொரு நோய்க்கும் எத்தனை டிக் என்று எண்ணி, இரண்டையும் பெருக்கி, அதையே மதிப்பெண்ணாக வைத்து அதே சோதனையை ஓட்டுங்கள். அந்த ஏயூசிக்கும் 0.94-க்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் உங்கள் மாடலின் சொந்தச் சம்பாத்தியம்.

இன்னொரு சந்தேகம். இரண்டு மைக்ரோஆர்என்ஏக்கள் அல்லது இரண்டு நோய்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதைக் காஸியன் என்ற கணித முறையில் கணக்கிட்டீர்களா? அது டிக்குகளை வைத்தே போடும் கணக்கு. சோதனைக்கான டிக்குகளை மறைப்பதற்கு முன்பே முழு அட்டவணையிலிருந்து அதைப் போட்டிருந்தால், வினாத்தாள் கசிந்துவிட்டது என்று அர்த்தம்.

50-க்கு 46 என்பதும் அப்படித்தான். டிபிடிஇஎம்சி என்பது புற்றுநோயில் எந்த மைக்ரோஆர்என்ஏவின் அளவு கூடியது, எது குறைந்தது என்ற பட்டியல். கட்டியில் எத்தனையோ மாறும். உங்கள் 495-இலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 50 பெயர் எடுத்து அங்கே தேடுங்கள். அதிலும் 40 கிடைத்தால் 46-ஐப் பற்றிப் பெருமைப்பட என்ன இருக்கிறது?

தொடர்பு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மிர்-122-ஐச் சொல்வேன். கல்லீரலில் ஏராளமாக இருப்பது. ஹெபடைடிஸ் சி வைரஸ் பெருகுவதற்கு இதைப் பிடித்துக்கொள்கிறது என்பது 2005-இல் தெரிந்தது. செல்லில் மிர்-122-ஐ முடக்கியதும் வைரஸின் ஆர்என்ஏ சரிந்தது. பிறகு அதை முடக்கும் மிராவிர்சென் மருந்தை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள், அங்கேயும் வைரஸ் அளவு குறைந்தது. எடுத்தால் என்ன ஆகிறது என்று பார்த்த பிறகு போட்ட டிக் அது. உங்கள் மாடலுக்கு இந்த டிக்கும், ஏதோ ஒரு கட்டியில் அளவு மாறியதற்காகப் போட்ட டிக்கும் ஒன்றுதான்.

மாடல் வீண் என்று சொல்லவில்லை. ஆய்வகத்தில் எதை முதலில் சோதிப்பது என்று வரிசைப்படுத்த உதவும். நான் மேலே சொன்ன கணக்குகளுக்கு ஒரு சாயங்காலம் போதும். எண்கள் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள்.