பொட்டல் என்று சொல்லாதீர்கள்

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு ஜிவெர்னியில் பூந்தோட்டமும் அல்லிக்குளமும் இருந்தன. பொட்டலாகக் கிடக்கும் நம் மாவட்டத்தில் இயற்கையை வரைய விரும்புகிறவன் எங்கே போவான்? ஊட்டிக்குத்தானா?
– வாசகர், பாலக்கோடு.

பதில்: 'பொட்டல்' என்று வெளியூர்க்காரர் சொன்னாலே எனக்கு மனம் பொறுக்காது, பாலக்கோட்டுக்காரர் நீங்கள் சொன்னால் எப்படிப் பொறுக்கும்? மோனே ஜிவெர்னியில் குடியேறியது 1883-இல். ஓடையோரம் நிலம் வாங்கிக் குளம் அமைக்கத் தொடங்கியது 1893-இல்தான். அதற்கு முன்பே, 1890-91-இல், வீட்டுக்குப் பக்கத்தில் அறுவடை முடிந்து கிடந்த வயலையும் அதில் நின்ற கதிர்ப்போர்களையும் ஏறக்குறைய 25 முறை வரைந்திருந்தார். வெளிச்சம் மாறியதும் ஒரு ஓவியத் திரையை (கேன்வாஸை) ஒதுக்கிவிட்டு, அந்த நேரத்துக்குரிய இன்னொரு திரையை எடுத்து வேலையைத் தொடர்ந்தார். மார்கழியில் ராகி அறுத்த நம் கொல்லையில் அந்தப் போரும் உண்டு, வெயிலும் உண்டு.

மாணவர்களின் ஓவியங்களைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் ஒரு தென்னை என்றே வருவது எனக்கு நெடுநாள் வருத்தம். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற நம் குன்றுகள் முக்கோணமாகவா இருக்கின்றன? யானைகள் படுத்திருப்பதுபோல் உருண்டு கிடக்கும் அந்தப் பாறைகள் மழை நனைத்த அரைமணி நேரத்துக்குக் கருத்து மின்னி, காய்ந்ததும் சாம்பல் பூத்துவிடுகின்றன. பர்கூருக்கு அருகே மல்லப்பாடியில் குதிரை மேல் மனிதர்களை வெண்ணிறத்தில் தீட்டியவர்களுக்கு இந்தப் பாறைதான் திரையாக இருந்தது. கல்குவாரிகள் தின்றது போக மிஞ்சியிருக்கும் குன்றுகளையாவது நீங்கள் வரைந்து வைக்க வேண்டும்.

தோட்டம்தான் வேண்டுமென்றால் சந்தூர்ப் பக்கத்து மாந்தோப்புக்குள் நுழைந்து, தளிர்விட்ட ஒரு கிளையைக் கண்ணருகே இழுத்துப் பாருங்கள். நுனியிலைகள் செம்பும் ஊதாவும் கலந்து ஈரத்துணிபோல் துவண்டு தொங்கும். அடியிலைகள் கரும்பச்சையாக விறைத்து நிற்கும். மாந்தளிர் நிறம் என்று புடவைக்கே பெயர் வைத்த மொழி நம்முடையது. ஆனால் எந்த வண்ணக்குழாயிலும் அந்த நிறம் அப்படியே கிடைக்காது, சில நாட்களில் தளிர் வெளிறிப் பச்சையாவதற்குள் நீங்களேதான் கலந்து கண்டுபிடிக்க வேண்டும்.

ஊட்டிப் பயணத்தை ஒத்திவையுங்கள். உங்கள் வீட்டுக்கு மிக அருகில் உள்ள கொல்லையை விடியல், உச்சி, மாலை என ஒரே இடத்தில் உட்கார்ந்து மூன்று முறை வரைந்து அனுப்புங்கள்; மூன்றையும் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.